மழுங்கடித்த அரிவாள்மனை

இடது பெருவிரலில் ஆறு தையல். போட்ட டாக்டர் சின்னப் பெண். நூலை இழுத்துக்கொண்டே, எதை வைத்து வெட்டினீர்கள், ரம்பமா என்று கேட்டாள். அரிவாள்மனை என்றேன். அவள் நம்பவில்லை. கூரான இரும்பு பட்டிருந்தால் காயம் கோடு போட்டமாதிரி இருக்குமாம், என்னுடையது பிய்ந்து கிடக்கிறதாம். மழுங்கின இரும்புதான் அம்மா ஆபத்து என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் மாத்திரைச் சீட்டைத் தொலைத்தேன், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சேனைக்கிழங்கு நறுக்கும்போது நடந்தது. மழுங்கின அரிவாள்மனையில் சேனையை நறுக்குவது என்றால் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்த வேண்டும். கிழங்கு அசையாது. அசையாது, அசையாது, திடீரென்று இரண்டாகப் பிளக்கும். அந்த நேரத்தில் கை எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை.

மறுநாளே கோயம்புத்தூரிலிருந்து மகன் வந்துவிட்டான். மருமகளும் கைக்குழந்தையும் கூட. ராஜபாளையத்தில் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்து, இறந்து எட்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து மகன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். நான் வரவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தத் தடவை அவனுக்கு ஆறு தையல் சாட்சி கிடைத்துவிட்டது.

என் மகனும் மருமகளும் தங்கமானவர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். நாலாவது மாடியில் வீடு, லிஃப்ட் உண்டு, எனக்கென்று ஓர் அறையும் ஒழித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே போய் இருக்கும் நாட்களில் காலையில் அடுக்களை வாசலில் நின்று, "நான் வெங்காயம் உரிக்கட்டுமா?" என்று கேட்பேன். "நீங்க உட்காருங்க அத்தை" என்பாள் அவள். பாசமாகத்தான் சொல்வாள். உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஐம்பத்தொன்பது வயதில் வெங்காயத்துக்கு அனுமதி கேட்க என்னால் ஆகாது.

மகன் அடுக்களையில் இருந்த இரண்டு கத்திகளையும் பேப்பரில் சுற்றிக் காரில் வைத்தான். பதிலுக்கு, கயிற்றைப் பிடித்து இழுத்தால் உள்ளே பிளேடு சுற்றுகிற பச்சை பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தந்தான். இனி இதில்தான் காய் நறுக்க வேண்டுமாம். பிறகு அரிவாள்மனையை எடுக்கக் குனிந்தான். நான் பலகையின் மேல் காலை வைத்தேன். காய் நறுக்க எப்படி வைப்பேனோ அப்படியே, நின்றவாக்கில். அவன் இழுத்தான். நான் அழுத்தினேன். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"காலை எடும்மா."

"எடுக்க மாட்டேன்லே. இன்னொரு தடவை இந்தக் கை அறுபட்டுச்சுன்னா நானே பெட்டியைக் கட்டிட்டு வாரேன். அது வரைக்கும் இது இங்கனதான் இருக்கும்."

கோபத்தில் சொன்ன சொல். ஆனால் அவன் அப்பாவைப் போல, சொன்ன சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவன். சரி, ஆடித் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போது சித்திரை. மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் என் வீட்டுக்குப் பூட்டு.

இந்த அரிவாள்மனை ஏன் மழுங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். தானாக மழுங்கவில்லை. மகன் தவழ ஆரம்பித்த சமயம், வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். பிள்ளை நேராக அரிவாள்மனையிடம் போய்க் கையை நீட்டியிருக்கிறான். பதறிப்போய்த் தூக்கினார். பிறகு கொல்லையில் உட்கார்ந்து, துவைக்கிற கல்லில் அதன் வாயைத் தேய் தேயென்று தேய்த்து, விரலை வைத்து அழுத்தினாலும் வெட்டாதபடி மழுங்கடித்துக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் இப்படிச் செய்வார்கள். பிள்ளை இருக்கிற வீட்டில் இரும்பு மொட்டையாக இருந்தால்தான் நல்லது என்று ஒரு நினைப்பு. பிள்ளை வளர்ந்த பிறகு தீட்டிக்கொள்ளலாம் என்றார். நானும் தலையாட்டினேன். பிள்ளை வளர்ந்தான், படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் முடித்தான். முப்பத்து மூன்று வருடம் நான் அந்த மொட்டை இரும்போடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான். மணிக்கட்டு வலித்தால் வயசாகிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

டாக்டர் பெண் சொன்ன வாக்கியம்தான் அதைக் கிளறிவிட்டது. சரி, தீட்டிவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

முதலில் பாத்திரக்கடையில் போய்க் கேட்டேன். வி எழுத்து மாதிரிப் பிளவு வைத்த ஒரு சின்ன சாமானைக் கொடுத்தார்கள். கத்தியை அதில் விட்டு நாலு இழுப்பு இழுத்தால் போதுமாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என் கத்திகள் கோயம்புத்தூரில் இருக்கின்றன, இருப்பது பலகையில் முளைத்த அரிவாள்மனை. பலகையைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து இழுக்கப் பார்த்தேன். தடித்த இரும்பு அந்தப் பிளவுக்குள் நுழையவே இல்லை. பச்சை டப்பாவுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தேன். டப்பாவையும் குறை சொல்லிவிடுகிறேன்: அவியலுக்கு வாழைக்காய் போட்டுக் கயிற்றை இழுத்தேன், துவையல் வந்தது.

அடுத்து சாணை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபெட்டில் சாணைச் சக்கரம் கட்டிய ஒருவர் நிற்பார் என்று என் தங்கை போனில் சொன்னாள். அவள் அங்கேதான் குடியிருக்கிறாள். அரிவாள்மனையைப் பேண்டேஜ் துணியில் சுற்றி, அரிசிச் சாக்கில் போட்டு, பஸ் ஏறினேன். சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். சொன்னேன். சீட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை முன்சீட்டுக்காரர் காலைத் தூக்கியே வைத்திருந்தார்.

சாணைக்காரர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை ஓட்டி, இரும்பை வைத்ததும் பொறி பறந்தது. சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். பொறி எவ்வளவு பறக்கிறதோ அவ்வளவு கூர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் இன்னும் கொஞ்சம் பிடியுங்கள் என்று கேட்டு வாங்கினேன். தங்கை வீட்டில் அன்று தக்காளி தண்ணீரைப்போல் அறுபட்டது. பார்த்தாயா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாலாவது நாள் ராஜபாளையத்தில் அதே அரிவாள்மனை, அதே தக்காளி, நசுங்கி என் மடியில் வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனபோது அதையும் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார பாய் காலையிலிருந்து மத்தியானம் வரை கத்தியோடு இருக்கிறவர், அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விளிம்போடு ஒரு நூல் அகலத்துக்கு நீலம் ஓடியிருந்தது. அதை நான் அதுவரை அழகு என்று நினைத்திருந்தேன்.

"சூட்டுல வெந்துருச்சுக்கா. நீலம் பாஞ்ச இரும்புல கூர் நிக்காது. அந்த நீலம் அம்புட்டும் போற வரைக்கும் தண்ணி விட்டுக் கையாலதான் தேய்க்கணும். வச்சுட்டுப் போங்க, நான் தேச்சுத் தாரேன்."

வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இன்றைக்கு அவர் தேய்த்துத் தந்தால் மழுங்கும்போது மறுபடி அவரிடம் நிற்க வேண்டும், அவருக்கு வேலை இருந்தால் மறுபடி மொட்டை இரும்பு, மறுபடி தையல். எந்தக் கல் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மழமழப்பு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்றார். கடைக்காரர் கல்லை எடுத்துக் கொடுக்கும்போது, வீட்டில் யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். அவர் கல்லைப் பார்த்தார், என் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார், பையில் போட்டார்.

தங்கையிடம் சொன்னதும் அவள் போனிலேயே பதறினாள். வீட்டுக்குள் இரும்பைத் தீட்டினால் சண்டை வருமாம், அதுவும் வெள்ளிக்கிழமை தொடவே கூடாதாம். "ஏட்டி, சண்டை ஏற்கெனவே வந்துருச்சு. இனிமே தீட்டுனா என்ன, தீட்டாட்டா என்ன" என்றேன். பெற்ற பிள்ளை கூப்பிடுகிறான், பேசாமல் போயேன் என்றாள். அந்த வாரம் அவளோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் ஆரம்பித்தேன், வேண்டுமென்றே.

கொல்லையில் குழாயடியில் உட்கார்ந்து, கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, வலது கையில் கல்லைப் பிடித்து அடியிலிருந்து நுனிவரை தேய்த்தேன். அசையாத இரும்பு, அசைகிற கல். விரல்களைக் கல்லின் முதுகுப்பக்கம் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் தேய்த்தும் ஒன்றும் ஆகவில்லை. நீலம் அப்படியே இருந்தது. கல் விளிம்பைத் தொடுகிறதா, மேலே தேய்கிறதா என்றே தெரியவில்லை. பேத்திக்கு வாங்கி வைத்திருந்த மைடப்பி கண்ணில் பட்டது. விளிம்போடு மையை இழுகினேன். எண்ணெய் மை, தண்ணீரில் போகாது. நாலு இழுப்பு தேய்த்துவிட்டுப் பார்த்தால் விளிம்பில் மை அப்படியே இருக்கிறது, அதற்கு மேலேதான் அழிந்திருக்கிறது. மூன்று நாளாக இரும்பின் கன்னத்தைத் தடவிக்கொடுத்திருக்கிறேன். கல்லைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தேன். மை விளிம்பில் அழிந்தது. அதற்குப் பிறகு தினமும் குளித்த கையோடு இரும்புக்கு மையிட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

எனக்கு இந்த வேலை சுத்தமாகத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஊருக்கு வெளியே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். நீளமாகச் சுற்றிய துணி உருளையை ஒரு வட்ட பிளேடு துண்டு துண்டாக அறுத்துத் தள்ளும். பிளேடு மழுங்கினால் துணியின் ஓரம் பிசிறடிக்கும், நூல் தொங்கும், மொத்தச் சரக்கும் திரும்பி வரும். கட்டிங் மிஷின்காரர் அவ்வப்போது ஒரு துண்டுக் கல்லை பிளேடில் தொட்டு எடுப்பார். கீழே உட்கார்ந்து பேப்பர் சுற்றுகிற நாங்கள், துணி ஓரத்தைப் பார்த்தே பிளேடு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். நான் சொன்னால் அவர் கல்லை எடுப்பார், அந்த அளவுக்கு என் கண் பெயர் வாங்கியிருந்தது. ஒரு நாள், நானும் மிஷினில் நிற்கிறேனே என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். பெண்களுக்கு பிளேடு கிடையாது, சுற்றுகிற வேலையைப் பாருங்கள் என்று சிரித்தார். பத்தொன்பது வருடமும் சுற்றினேன். அந்தச் சிரிப்பு மட்டும் மறக்கவில்லை.

அதனால் இந்தத் தடவை தக்காளி, பேப்பர் என்று நான் சோதிக்கவில்லை. என் காயத்துக்குக் கட்டிய பேண்டேஜ் துணியில் மிச்சம் இருந்தது. அதை அரிவாள்மனை மேல் அழுத்தாமல் சும்மா இழுத்துப் பார்ப்பேன். இத்தனை சல்லடையான துணியில் பொய் சொல்ல முடியாது. முதல் வாரம் நூலைக் கவ்வி இழுத்தது. பிறகு சில இடத்தில் அறுத்தது, சில இடத்தில் கவ்வியது. கவ்விய இடத்தில் மட்டும் மறுபடி மையிட்டுத் தேய்த்தேன். ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் நகத்தில் தட்டுகிறமாதிரி ஒரு பிசிறு எழும்பும், அது அடியிலிருந்து நுனிவரை எழும்பிய பிறகுதான் பக்கத்தை மாற்ற வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. பிசிறு என்றால் என்ன என்று என் விரலுக்கு முன்பே தெரியும்.

பதினாறாவது நாள் நீலம் முழுக்கப் போயிருந்தது. கல்லின் மழமழப்பான பக்கத்தில் மெதுவாக முடித்துவிட்டுத் துணியை இழுத்தேன். ஒரு நூல்கூடத் தொங்காமல் இரண்டாக விழுந்தது. கம்பெனியில் அப்படி ஒரு ஓரத்தை நான் பார்த்ததில்லை. கூச்சப்படாமல் சொல்கிறேன், உட்கார்ந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே ஈரத்தைத் துடைத்தேன். முப்பத்து மூன்று வருடம் மொட்டை இரும்பைத் துடைத்த கை, அந்தப் பழக்கத்தில் விளிம்போடு சேர்த்துத் துடைத்தது. ஆள்காட்டி விரலில் ரத்தம்.

வலிக்கவே இல்லை. கோடு போட்டமாதிரிதான் இருந்தது, டாக்டர் பெண் சொன்னபடி. அறுந்து விழுந்த அதே துணியை எடுத்துச் சுற்றினேன். மூன்றாம் நாள் சதை ஒட்டிவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் நான் பயந்தேன். விரலுக்காக இல்லை. இன்னொரு தடவை அறுபட்டால் பெட்டி கட்டுகிறேன் என்று சொன்னவள் நான். யாரும் பார்க்கவில்லை. மகன் தினமும் போனில் கை எப்படி இருக்கிறது என்று கேட்பான். பெருவிரலைப் பற்றி மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு கீறல் இல்லை. சேனைக்கிழங்கை ஒற்றைக் கையால் தள்ளினாலே துண்டு விழுந்தது. மணிக்கட்டு வலியும் குறைந்தது. ஆடி பிறந்தது.

தேருக்கு முந்தின நாள் வந்தார்கள். பேத்தி இப்போது தவழ ஆரம்பித்திருந்தாள். நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சேனையை நறுக்கிக்கொண்டிருந்தேன். மகன் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தான். துண்டுகள் ஒரே அளவில் விழுவதைப் பார்த்து, பரவாயில்லையே என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காய்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு எழுந்தேன். அந்தச் செத்த நேரத்துக்குள் பேத்தி அரிவாள்மனைக்கு நேரே வந்து கையை நீட்டிவிட்டாள்.

மகன் பாய்ந்து தூக்கினான். குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தான்.

"இதைக் கல்லுல தேச்சு மழுக்கிருவோம்மா. பிள்ளை வளந்த பொறவு தீட்டிக்கலாம்."

அவன் அப்பா சொன்ன அதே வார்த்தை. அவனுக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை, அப்போது அவனுக்கு வயது பத்து மாதம். கீழே வைலே என்றேன். எங்கள் வீட்டில் வெட்டுகிற இரும்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, தரையில் வைத்துத்தான் அடுத்தவர் எடுக்க வேண்டும். அவன் வைத்தான். நான் குனிந்து எடுத்தபோது ஆள்காட்டி விரலில் இருந்த வெள்ளைக் கோட்டை அவன் பார்த்துவிட்டான். இது எப்போது என்று கேட்டான்.

பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறாவது நாள் அறுபட்டதை, மறைத்ததை, பயந்ததை. அதற்கு முன்னால் நடந்ததையும் சொன்னேன். இதே அடுக்களையில் நீ கையை நீட்டினாய், உனக்காக இதை மழுக்கினோம், உன்னைக் காப்பாற்ற மழுக்கிய இரும்புதான் என் விரலைப் பிய்த்தது, அதைச் சாக்கு வைத்து நீ என்னைக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாய் என்றேன். மருமகள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நீ சொன்ன சொல்லு?"

"சொன்னேன். இப்ப மாத்திச் சொல்லுதேன். கை அறுபட்டா நானே கட்டிக்கிடுவேன், மழுங்குனா நானே தீட்டிக்கிடுவேன். நான் எங்கயும் வரலை. இனி ஒருத்தருக்காகவும் இதை மழுக்கவும் விடமாட்டேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அரிவாள்மனையைப் பார்த்தான், பேத்தியைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். பலகையின் வால்பக்கம் ஒரு ஓட்டை உண்டு, வாங்கின நாளிலிருந்து இருக்கிறது. ஒரு நாளும் நாங்கள் அதைப் பயன்படுத்தியதில்லை.

"சுத்தியல் எங்கம்மா இருக்கு?" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். பெரிய ஆணியாகப் பார்த்து, தன் தலைக்கு மேலே வைத்து அடிக்கப் போனான். அவ்வளவு உயரம் எனக்கு எட்டாது என்றேன். என் கையைத் தூக்கச் சொல்லி, விரல் தொட்ட இடத்தில் வைத்து அடித்தான். நாலே அடி. அரிவாள்மனையைத் தொங்கவிட்டு, ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தான். பேத்தி கீழே தவழ்ந்து வந்து அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு எட்ட இன்னும் பல வருடம் ஆகும்.

மொத்தத்தில் ஐந்து நிமிட வேலை. அவர் லீவில் வந்திருந்த அந்த நாளிலும் வீட்டில் இதே சுத்தியல் இருந்தது.